பின்னால் கூப்பிடாத நாள்

எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் என் தாய்மாமா. யார் கேட்டாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. சொல்லும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அணைக்கரைப் பாலத்துக்குக் கீழே, கொள்ளிடத்தில், ஒரே பகலில் கற்றுக்கொடுத்தார். அதே பகலில்தான் அம்மா எங்களிடம் சொல்லாமல் மஸ்கட்டுக்குக் கிளம்பிப் போனாள். அன்றைக்கு எங்களை வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் மாமாவுக்குக் கொடுத்த வேலை. நீச்சல் அதற்கு ஒரு சாக்கு. சாக்குக்குச் சொன்ன வேலையையும் மனுஷன் ஒழுங்காகச் செய்துவிட்டார், அதுதான் இன்னும் ஆத்திரம்.

அப்போது எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. கும்பகோணத்தில் வாடகை வீடு. அம்மா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அப்பா ஒரு நெல் அரவை மில்லில் சூப்பர்வைசர். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, எங்களோடேயே இருந்தார். காவிரி ஒரு பக்கமும் அரசலாறு ஒரு பக்கமும் ஓடுகிற ஊரில் நானும் தம்பியும் பக்கெட் தண்ணீரில் மட்டும் குளித்து வளர்ந்தோம். ஆற்றங்கரைப் பக்கம் போனதாகத் தெரிந்தாலே அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். வருஷா வருஷம் புதுத்தண்ணீர் வந்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிற பிள்ளைகளின் ஈர உடம்பைத் துடைத்து வெள்ளைத்துணி போட்டு மூடுகிறவள் அவள். அதனால் வெயில், மண், மரம், தண்ணீர் எல்லாமே எங்களுக்கு ஜன்னலுக்கு வெளியேதான். தெருப் பிள்ளைகள் எங்களை 'பஞ்சுமிட்டாய்' என்று கூப்பிடுவார்கள். நனைந்தால் கரைந்துவிடுவோமாம்.

தெருவுக்குக் கேபிள் டிவி வந்த வருஷம் அது. யாரைப் பார்த்தாலும் வெளிநாட்டுப் பேச்சு. எதிர்வீட்டு அண்ணன் துபாய் போனார், மூலைவீட்டு அக்கா சவூதிக்குப் போனார், அவர்கள் வீடுகளில் எல்லாம் நைட்டியும் டேப் ரெக்கார்டரும் வந்து இறங்கின. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்திலும் பாஸ்போர்ட், மெடிக்கல், ஏஜெண்ட் என்ற வார்த்தைகள் குழம்போடு சேர்ந்து வந்தன. நான் ஒன்றும் மக்கு இல்லை. ஒரு நாள் அம்மா தலை வாரிவிடும்போது நேராகவே கேட்டேன்.

"நீயும் போயிடுவியாம்மா?"

அவள் பொய் சொல்லவில்லை. "போகத்தான் போறேன். ஆனா உங்கிட்ட சொல்லாம போகமாட்டேன். நாள் குறிச்சதும் மொதல்ல உனக்குத்தான் சொல்வேன்."

"சத்தியமா?"

எழுந்து போய் சுவரில் மாட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா படத்தைத் தொட்டு, "சத்தியமா" என்றாள்.

எனக்கு அது போதும். போகாதே என்று சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சொன்னால் நிற்பாளா மாட்டாளா என்பது வேறு கதை. முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். என்ன சொல்வது, எப்படி அழுவது என்றெல்லாம் யோசித்துத் தயாராக வைத்திருந்தேன். சினிமாவில் வருகிற மாதிரி காலைக் கட்டிக்கொள்வதா, அல்லது சாப்பிடாமல் இருப்பதா என்பதில் மட்டும் முடிவுக்கு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை மாமா வந்தார். அம்மாவுக்கு அடுத்துப் பிறந்தவர். ஏ.சி. மெக்கானிக் படிப்புப் படித்துவிட்டு, ஏ.சி.யே இல்லாத ஊரில் உட்கார்ந்திருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் உலகத்திலேயே அவரைத்தான் அதிகம் பிடிக்கும். தோளில் காற்றுப் போன லாரி டியூப் ஒன்றை மாலை மாதிரி மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "பஞ்சுமிட்டாய் ரெண்டும் கிளம்புங்க, இன்னிக்கு ஆத்துல கரைச்சுட்டு வரலாம்" என்றார்.

நான் அம்மாவைத்தான் பார்த்தேன். திட்டு விழும் என்று நினைத்தேன். அவளோ ஏற்கெனவே எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் அவித்த முட்டையும் டப்பாக்களில் கட்டி வைத்திருந்தாள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆற்றின் பெயரைச் சொன்னாலே அடிக்கிறவள் ஆற்றுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொடுக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? ஆசை கண்ணை மறைத்துவிட்டது. ஒரு முறை பின்னிய சடையை அவிழ்த்து மறுபடியும் பின்னிவிட்டாள். என் சிவப்பு ரிப்பன் இரண்டு நாளாகக் காணோம் என்றேன். "தேடித் தர்றேன்" என்று சொல்லிக் கறுப்பு ரிப்பன் கட்டிவிட்டாள்.

வெளியே கிளம்பும்போது எங்கள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போடுவது அம்மாவின் வழக்கம். அன்றைக்குப் போட்டாள். வாசல் வரை வந்து மறுபடியும் போட்டாள். "போயிட்டு வாங்க" என்றாள். "போயிட்டு வர்றோம்மா" என்று நாங்கள் கத்தினோம். பயணம் சொல்லிக்கொண்டது நாங்கள், வாசலில் நின்று வழியனுப்பியவள் அவள். இந்த ஏற்பாடு மாமாவின் மூளையில் உதித்தது என்று பிற்பாடு தெரிந்தது. போகிறவர்கள் பிள்ளைகள் என்றால் யாரும் அழப்போவதில்லை, பயணம் போகிற வீட்டில் கண்ணீர் விழாது, சகுனம் கெடாது. நாங்கள் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள்தான். ஆனாலும் சகுனம் பார்ப்பதில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை, சாமியார் காதில் விழாமல் பார்த்துக்கொள்வோம்.

அணைக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், கடைவீதியில் ஒரு சைக்கிள் கடையில் டியூபுக்குக் காற்றடித்தோம். அதை உருட்டிக்கொண்டு மணலில் இறங்கினோம். அவ்வளவு மணலை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. தம்பி செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்தவன், சுடுகிறது என்று குதித்தான், பிறகு சிரித்தான், பிறகு சிரிப்பதற்காகவே குதித்தான். அணையின் ஷட்டர்களை விட்டு ஒதுங்கி, பாலத்திலிருந்து ஆள் அடையாளம் தெரிகிற தூரத்தில், இடுப்பளவு தண்ணீர் தேங்கியிருந்த ஒரு மடுவைப் பார்த்து மாமா டேரா போட்டார். அங்கே முதலை உண்டு என்று எங்கள் ஊரே சொல்லும். "அதெல்லாம் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் வராது, அதுங்களுக்குச் சொல்லியிருக்கேன்" என்றார். நாங்கள் நம்பினோம். அவர் எதைச் சொன்னாலும் நம்பினோம்.

நண்டு வளையில் குச்சி விட்டு நண்டை வெளியே வரவைப்பது எப்படி என்று காட்டினார். தட்டையான ஓட்டாஞ்சில்லை எடுத்து, தண்ணீர்மேல் நாலு தத்துத் தத்தும்படி எறியச் சொல்லிக்கொடுத்தார். தம்பி எறிந்த கல் தத்தியதை விட அவன் அதிகம் தத்தினான். ஈரமணலைக் கையால் தோண்டினால் ஒரு முழத்தில் ஊற்று வரும் என்றார், வந்தது. அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தோம். இனித்தது. அம்மாவிடம் போய் இதையெல்லாம் சொல்லவேண்டும் என்று நான் ஒவ்வொன்றாக மனதில் போட்டு வைத்துக்கொண்டே வந்தேன்.

பிறகு நீச்சல். வயிற்றுக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, "காலை அடி, கையை வலி" என்றார்.

"கையை எடுக்கமாட்டீங்களே மாமா?"

"எடுப்பேனா? மாமாவை நம்பு."

நான் காலை அடித்தேன், கையை வலித்தேன், மூக்கில் தண்ணீர் ஏறியது. "மாமா, கை இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு, இருக்கு" என்ற குரல் ரொம்ப தூரத்திலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் கரையில் நின்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்தேன். பயத்தில் முழுகி, எழுந்து, இருமி, அவரை அடிக்க ஓடினேன். உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. மத்தியானத்துக்குள் மடுவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நானாகப் போனேன். தம்பி டியூபில் மல்லாந்து படுத்துக்கொண்டு ராஜா மாதிரி எனக்கு உத்தரவு போட்டான்.

சாப்பாடு முடிந்ததிலிருந்து மாமா ஒரு நிலையில் இல்லை. வாட்சைப் பார்ப்பார், பாலத்தைப் பார்ப்பார். அந்தப் பாலம் பழையது, ரொம்பக் குறுகல். எதிரே ஒரு லாரி ஏறிவிட்டால் இந்தப் பக்கத்து வண்டிகள் எல்லாம் நின்றுதான் போகவேண்டும். கும்பகோணத்திலிருந்து மெட்ராஸ் போகிறவர்களுக்கு அதுதான் வழி. வண்டிகள் நிற்பதும் நகர்வதும் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. தம்பி மறுபடியும் டியூபில் ஏறி, பாலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிதந்தான். நான் கரையில் நின்று சடையைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

எதிரே வந்த லாரி ஒன்றுக்காக வெள்ளை அம்பாசடர் ஒன்று பாலத்தில் வந்து நின்றது. மேலே கேரியரில் ஒரு நீலப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பெட்டியின் கைப்பிடியில் சிவப்பாக ஏதோ காற்றில் ஆடியது. விமானத்தில் போகிறவர்கள் பெட்டி மாறிவிடாமல் இருக்க அடையாளம் கட்டுவார்கள் என்று மூலைவீட்டு அக்கா போனபோது பார்த்திருக்கிறேன். என் ரிப்பன். கார் ஜன்னலில் ஒரு முகம். அம்மாவின் மெரூன் கலர்ப் புடவை, பண்டிகைக்கு மட்டும் கட்டுவது.

எனக்கு எல்லாம் ஒரே சமயத்தில் புரிந்தது. கட்டுச்சோறு, இரண்டு முறை பின்னிய சடை, இரண்டாவது சிலுவை. மூச்சை இழுத்து "அம்மா" என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன். மாமா என் பக்கத்தில் வந்து குனிந்தார். அடிக்கவில்லை, வாயைப் பொத்தவில்லை. காதோரத்தில் மெதுவாகத்தான் சொன்னார்.

"பின்னாடி கூப்பிடாத கண்ணு. பயணம் போறவங்கள பின்னாடி கூப்பிட்டா போற எடத்துல ஏதாவது ஆயிடும். பிளேன்ல போறாங்க. அம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்னாலதானே?"

வாய் அப்படியே நின்றது. கையைத் தூக்கினேன்.

"கையும் ஆட்டாத. கை ஆட்டறதும் கூப்பிடறதும் ஒண்ணுதான்."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தானாக எழுந்துவிடும் என்ற பயத்தில் ஒரு கையால் இன்னொரு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எதிர் லாரி போய்விட்டது. ஆனாலும் அந்தக் கார் நகரவில்லை. பின்னால் ஹார்ன் மேல் ஹார்ன் அடித்தார்கள். நான் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு, பிளேன் விழக்கூடாது பிளேன் விழக்கூடாது என்று சொல்லிக்கொண்டே நின்றேன். பிறகு கார் போயிற்று.

"தம்பிகிட்ட சொல்லாத. நீ பெரிய பொண்ணு" என்றார் மாமா. கடைவீதியில் கோலி சோடா வாங்கிக்கொடுத்தார். நான் குடித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் தம்பி, "அம்மா, நான் டியூப்ல போனேன்" என்று கத்திக்கொண்டே அடுப்படிக்கு ஓடினான். பிறகு கொல்லைப்புறம், பிறகு கட்டிலுக்கு அடியில். ஒளிந்து விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே தேடினான். அத்தை அவனைப் பிடித்து மடியில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். அப்பாவும் மெட்ராஸ் போயிருந்தார், வழியனுப்ப. தம்பி அழவில்லை. என்னைப் பார்த்து, "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான். "தெரியாது" என்றேன். பொய் சொல்கிறவர்கள் கூட்டத்தில் அன்றைக்கு நானும் சேர்ந்தேன்.

அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு, வீட்டில் உள்ள எல்லோரும் வெளியே வந்தால்தான் அவனும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவான். நாங்கள் அவனை விட்டுவிட்டு எங்கேயும் போய்விடக்கூடாது என்று அத்தையைக் கூடத் தெருமுனை வரை இழுத்துக்கொண்டு போவான். இப்போது கனடாவில் இருக்கிறான். யாரையும் வழியனுப்ப ஏர்போர்ட்டுக்கு வரமாட்டான், தன்னை வழியனுப்பவும் யாரும் வரக்கூடாது என்பான்.

அம்மா போன இரண்டாம் வருஷம் மாமாவுக்கு மஸ்கட்டிலிருந்து விசா வந்தது. அம்மாதான் ஏற்பாடு செய்திருந்தாள். ஏ.சி. இல்லாத ஊரிலிருந்து ஏ.சி. இல்லாமல் மூச்சுவிட முடியாத ஊருக்கு அவருக்கு வழி பிறந்துவிட்டது. அக்கா போனால்தான் தம்பி போகமுடியும் என்ற கணக்கு அந்தச் சனிக்கிழமையே அவருக்குத் தெரியும், எனக்கு அந்த விசா வந்தபோதுதான் தெரிந்தது. அவர் எங்கள் வீட்டிலிருந்துதான் கிளம்பினார். அவருக்காக யாரும் எங்களை ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. வரிசையாக நிறுத்தி, மாமாவுக்கு டாட்டா காட்டு என்றார்கள்.

அவர் படியிறங்கித் தெருவில் நாலு அடி வைத்ததும், தொண்டை கிழியக் கத்தினேன். "மாமாஆ!"

அவர் அப்படியே நின்றார். தெருவே திரும்பிப் பார்த்தது. அத்தை என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். பிறகு மாமாவைப் பார்த்து, "தம்பி, உள்ள வாங்க. செத்த உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றார். மாமா திரும்பி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். சொம்பிலிருந்து ஒரு வாய் குடித்தார். எழுந்தார்.

"அவ்வளவுதானா?" என்று அத்தையிடம் கேட்டேன்.

"அவ்வளவுதான். பின்னாடி கூப்பிட்டா எல்லாரும் செய்யறதுதானே. அதுக்காக பயணத்தையா நிறுத்துவாங்க?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். உள்ளே வா என்று அத்தை சொல்லி முடிப்பதற்குள் திரும்பியவர் அவர். எதற்கு உட்கார வேண்டும், எதற்குத் தண்ணீர் என்று அவர் கேட்கவே இல்லை. பாலத்துக்குக் கீழே நின்றபோதும் அவருக்கு இது தெரியும். அவருடைய பிளேன் ஒழுங்காகப் போய் இறங்கியது, பத்தாம் நாள் கடிதமும் வந்தது.

அம்மா பத்து வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தாள். லீவில் வருவாள், சாக்லேட்டும் சென்ட் பாட்டிலும் வரும். என்னோடு எல்லாமே பேசுவாள், ஆனால் கொஞ்சம் பயந்தே பேசுவாள், விருந்துக்குப் போன வீட்டுப் பெண்ணிடம் பேசுவது போல. சத்தியத்தை மீறிவிட்டுக் குற்ற உணர்ச்சியில் இருக்கிறாள், நன்றாக இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அப்படியே நான் கல்யாணமாகி, சென்னைக்குப் போய், இரண்டு பெண்களைப் பெற்றேன். அவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தபோது, "இப்போ கையை எடுக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பேன். அதனாலேயே அவர்கள் கற்றுக்கொள்ள ரொம்ப நாளாயிற்று.

போன வருஷம் பள்ளி விடுமுறையில் அவர்களைக் கொள்ளிடத்து மணலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நண்டு வளை, ஓட்டாஞ்சில், ஊற்று எல்லாம் காட்ட வேண்டும் என்று ஆசை. அம்மாவும் வருகிறேன் என்று வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். நான்தான் ஓட்டினேன். அணைக்கரைப் பாலத்தில் எதிரே வண்டிகள் வர, நடுவில் நின்றோம். அம்மா கண்ணாடியை இறக்கிக் கீழே பார்த்தாள்.

"இங்கதான் டிரைவரை நிறுத்தச் சொன்னேன்" என்றாள். "அந்த லாரி போனப்புறமும் போகாதீங்கன்னேன். உங்கப்பா திட்டுறாரு, பின்னாடி எல்லாரும் ஹார்ன் அடிக்கிறாங்க."

நான் என்ஜினை அணைத்தேன்.

"உங்கிட்ட என் வாயால சொன்னா எனக்குக் கால் நகராதுடி. அதான் உன் மாமனைச் சொல்லச் சொன்னேன். ஆத்துல வச்சு பிள்ளைங்ககிட்ட சொல்லிடறேன், புரிஞ்சுக்குவாங்க, அங்கேருந்து கை காட்டுவாங்க, நின்னு பார்த்துட்டுப் போன்னான். அவன் பேச்சை நம்பி வந்தேன். உன் தம்பி திரும்பவே இல்லை. நீ பார்த்தே. பார்த்துட்டுக் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டே. எம்மேல அவ்வளவு கோவமான்னு நெனச்சேன். அதுக்கப்புறம் உங்கிட்ட அதைப் பத்திப் பேசவே எனக்குத் தைரியம் வரலை. அன்னிக்கு ஒரு தடவை அம்மான்னு கூப்பிட்டிருந்தீன்னா கூட எறங்கி ஓடி வந்திருப்பேன்."

வெளிநாட்டில் இருக்கும் மாமா ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்கு போன் செய்கிறவர். எழுபதை நெருங்குகிற இந்த வயதில் அவளுக்கு இருக்கிற ஒரே உடன்பிறப்பு. சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். பிறகு சொல்லிவிட்டேன். எங்களிடம் எதுவுமே சொல்லப்படவில்லை என்பதை, ரிப்பனைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன் என்பதை, காதோரத்தில் அவர் சொன்னதை, பிளேன் விழக்கூடாது என்று கையை இறுக்கிப் பிடித்ததை. எல்லாவற்றையும், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல்.

எதிரே வந்த வண்டிகள் முடிந்து வழி விட்டிருந்தார்கள். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். பிள்ளைகள் "போம்மா, போம்மா" என்றார்கள். அம்மா கீழே மணலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, யாரிடமோ கேட்பது போலக் கேட்டாள்.

"கூப்பிட்டா என்னவாம்? ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போயிருப்பேனே?"